சங்கிலி சுற்றிய நங்கூரம்

தன் சங்கிலியிலேயே சிக்கிக்கொண்ட நங்கூரத்தை எந்தக் கடலோடியும் விரும்பமாட்டார். சங்கிலி தண்டில் சுற்றிக்கொண்டால் நங்கூரம் அடிமண்ணைச் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் மேலே ஏற்றும்போது படாத பாடு படுத்தும். காற்று திரும்பிவிட்டால் கப்பலுக்கே ஆபத்து. அமெரிக்கக் கடற்படையின் மூத்த மாலுமிகளான சீஃப் பெட்டி ஆபீசர்கள் தங்கள் காலரில் அணிவது இந்தச் சிக்கிய நங்கூரத்தைத்தான், அதுவும் பொன்னிறத்தில்.

இந்தச் சின்னம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1588இல் படையெடுத்து வந்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவை எதிர்த்த ஆங்கிலக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய ஹோவர்ட் பிரபுவின் முத்திரையில் இந்த நங்கூரம் இருந்தது. பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமே அதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் நங்கூரத்தில் கட்டியது சணல் கயிறு. இரும்புச் சங்கிலி பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆபத்தான ஒரு நிலையை ஏன் முத்திரையாகத் தேர்ந்தார்கள்? தண்டைச் சுற்றி வளைந்தோடும் கயிறு செதுக்குபவரின் கண்ணுக்கு அழகாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். காலப்போக்கில் மாலுமிகள் அதற்கு வேறு பொருள் சொன்னார்கள்: சிக்கலே தெரியாத தொழில் அல்ல கடல்தொழில், சிக்கலை அவிழ்க்கத் தெரிந்தவனே மூத்தவன். இந்தப் பொருள்தான் எனக்கு உண்மையாகப் படுகிறது.

1893 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கக் கடற்படை சீஃப் பெட்டி ஆபீசர் என்ற பதவியை முறைப்படி உருவாக்கியது. சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, எஞ்சின் அறையிலோ பீரங்கி மேடையிலோ சமையற்கட்டிலோ பல ஆண்டுகள் உழைத்து, தன் தொழிலைக் கரைத்துக் குடித்தவருக்குக் கிடைக்கும் பதவி இது. கல்லூரி முடித்து நேரே வரும் இளம் அதிகாரிக்குக் கப்பலைக் கற்றுக்கொடுப்பவரும் இவரே. இந்தியக் கடற்படையிலும் இதே பெயரில் பதவி உண்டு. நம் ராணுவத்தின் நாயப் சுபேதாருக்கு இணையானது.

நங்கூரத்தின் மேல் யு.எஸ்.என். என்ற வெள்ளி எழுத்துகள் பதிக்கப்பட்டன. அமெரிக்கக் கடற்படையைக் குறிக்கும் அந்த மூன்று எழுத்துகளுக்கு ஒற்றுமை, சேவை, வழிநடத்தல் என்று சீஃப்கள் தங்களுக்குள் இன்னொரு விரிவும் வைத்திருக்கிறார்கள். 1917இல் இந்தப் பதவி இரண்டு புதிய கைகளுக்குப் போனது. லொரெட்டா வால்ஷ் என்ற பெண் அந்த ஆண்டு மார்ச் 21 அன்று படையில் சேர்ந்து முதல் பெண் சீஃப் ஆனார். மெய்ன், பென்னிங்டன் ஆகிய இரண்டு கப்பல்களின் வெடிவிபத்துகளிலும் உயிர்தப்பிய ஜான் ஹென்றி டர்பின் கறுப்பினத்தவரில் முதல் சீஃப்களில் ஒருவரானார். நிறப் பாகுபாடு மலிந்திருந்த அந்தப் படையில் டர்பின் அந்தப் பதவியை எட்டியது சாதாரண விஷயமல்ல. 1958இல் மேலும் இரண்டு படிநிலைகள் வந்தன; அவற்றுக்கு நங்கூரத்தின் தலையில் முறையே ஒரு நட்சத்திரமும் இரண்டு நட்சத்திரங்களும் முளைத்தன. 1967இல் டெல்பர்ட் பிளாக் கடற்படை முழுவதற்குமான முதல் தலைமை சீஃப் ஆனார். அந்தப் பொறுப்புக்கு மூன்று நட்சத்திரம்.

புதிய சீஃப்களின் தேர்வுப் பட்டியல் வந்தவுடன் நங்கூரத்தைக் கையில் கொடுத்துவிடமாட்டார்கள். சில வாரங்கள் நீளும் வரவேற்புக் காலம் இருக்கிறது. பழைய சீஃப்கள் புதியவர்களை அதிகாலையில் ஓடவிடுகிறார்கள், கடற்படை வரலாற்றைப் படிக்கச் சொல்கிறார்கள், சேர்ந்து பாடவைக்கிறார்கள். 1797இல் நீரில் இறங்கிய கான்ஸ்டிடியூஷன் என்ற பாய்மரக் கப்பல் பாஸ்டனில் இன்றும் நிற்கிறது. புதியவர்களில் ஒரு பகுதியினர் அங்கே போய்ப் பாய் ஏற்றவும் பழைய பீரங்கியைக் கையாளவும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கும். இரண்டாம் உலகப் போரில், தகுதியுள்ளவர்களைச் சீஃப்களாக உயர்த்தும் அதிகாரம் கப்பல் தலைவர்களுக்குத் தரப்பட்டது. அப்போது பதவியை நாடியவர்கள் மற்றப் பிரிவுகளின் வேலைகளைக் கேட்டறிந்து எழுதிவைத்த நோட்டுகளிலிருந்து இந்த வழக்கம் பிறந்ததாகச் சீஃப்கள் சொல்கிறார்கள். இன்று அதில் மூத்தவர்கள் தங்கள் கைப்பட அறிவுரை எழுதுகிறார்கள். அதை வைக்க மரப்பெட்டி ஒன்றையும் புதியவர்கள் தாங்களே செய்வதுண்டு. இந்தச் சடங்கில் விலைமதிப்பற்றது அந்த நோட்டுதான் என்பேன். தன் பிழைகளிலிருந்து கற்றதை முகமறியாத இளையவருக்குக்கூட ஒருவர் உட்கார்ந்து எழுதித் தருகிறார் அல்லவா!

இந்த மரபில் கறையும் உண்டு. ஒரு காலத்தில் வரவேற்பு என்ற பெயரில் போலி நீதிமன்றம் நடத்தினார்கள். வாயில் வைக்க முடியாததைத் தின்னக் கொடுத்தார்கள். பலர் முன்னால் கேவலப்படுத்தினார்கள். நம் கல்லூரி விடுதிகளில் ராகிங்குக்குச் சொல்லப்பட்ட அதே சமாதானம்தான் அங்கும் சொல்லப்பட்டது: நாங்களும் பட்டோம், நீயும் படு. அடுத்தடுத்து வந்த தலைமைகள் இதற்குத் தடை போட்டு, பயிற்சியை முன்னுக்குக் கொண்டுவந்தன. மரபு நீர்த்துவிட்டது என்று சில பழைய சீஃப்கள் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாளை நூறு பேருக்குப் பொறுப்பேற்கப்போகிறவரை இன்று சிறுமைப்படுத்தினால், அவர் கற்றுக்கொள்வது சிறுமைப்படுத்தத்தான்.

வரவேற்புக் காலம் முடிந்து, பெரும்பாலும் செப்டம்பரில், நங்கூரம் அணியும் நாள் வரும். புதிய காக்கிச் சீருடையில் நிற்பவரின் காலரில் மனைவியோ கணவரோ பெற்றோரோ பிள்ளைகளோ நங்கூரங்களைக் குத்துகிறார்கள். வழிகாட்டிய மூத்த சீஃப் தலையில் தொப்பியை வைக்கிறார். பிறகு இரு வரிசையாக நின்று வணக்கம் வைப்பவர்களின் நடுவே, விசில் ஒலிக்க அவர் நடந்துபோகிறார்.

சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும், பயிற்சி முடித்த இளம் அதிகாரிகளின் தோளில் பெற்றோரே நட்சத்திரம் அணிவிக்கிறார்கள். சிப்பாயாகவோ மாலுமியாகவோ சேர்ந்து, பாதி வாழ்நாளைத் தந்து உயர்ந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாரின் கையாலேயே அந்த மரியாதை நடக்க வேண்டும், எல்லாப் படைகளிலும்.