கூட்டத்துக்காக வார்த்த துப்பாக்கி: மும்பை 2008-ஐ முன்வைத்து

2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்குள் பயங்கரவாதிகள் அஜ்மல் கசாபும் இஸ்மாயில் கானும் ஏ.கே-47 துப்பாக்கிகளோடு நுழைந்தபோது அங்கே போலீஸ் இல்லாமல் இல்லை. ரயில்வே பாதுகாப்புப் படையினரும் ரயில்வே காவலர்களும் பணியில் இருந்தார்கள். சிலரிடம் லத்தி, சிலரிடம் பழைய .303 ரைஃபிள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்தில் மட்டும் இறந்தார்கள். அதன்பின் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே முடிவுக்கு வருகின்றன: காவலரிடம் இருந்தது கிழட்டுத் துப்பாக்கி, எதிரியிடம் இருந்தது நவீனத் துப்பாக்கி, ஆகவே தோற்றார்கள்.

இந்த விளக்கத்தில் பாதி சரி. மீதிப் பாதி, ஆராய வேண்டிய கேள்வியையே மூடிவிடுகிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். .303 வலுவற்ற துப்பாக்கி என்பது தவறு. அதன் தோட்டா ஏ.கே-47 தோட்டாவைவிடக் கூடுதல் விசையோடு பாய்கிறது. அதிகத் தொலைவும் போகிறது. இரண்டு உலகப் போர்களில் பிரிட்டிஷ் படை நம்பியிருந்த ரைஃபிள் அது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். பெட்டியில் 10 தோட்டாக்கள். எதிரியின் கையிலோ 30 தோட்டாப் பெட்டி, விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 600 என்ற வேகம். இதோடு இன்னொன்று: பயணிகள் நிறைந்த நடைமேடையில் .303 தோட்டா ஒருவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் சாய்க்கும். அதைக் கையில் வைத்திருந்த காவலர் தயங்கியிருந்தால், அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் அந்தத் துப்பாக்கி காவலர் கைக்கு எதற்காக வந்தது? இங்கேதான் வரலாறு தேவைப்படுகிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆட்சி இந்தியர் கையிலுள்ள ஆயுதத்தை வெள்ளையர் கையிலுள்ளதைவிட ஒரு படி தாழ்வாகவே வைத்திருக்க முனைந்தது. பீரங்கிப் படையைப் பெரும்பாலும் தன்வசமே வைத்துக்கொண்டது. 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம் உருவாக்கிய போலீஸ் இந்தச் சந்தேகத்தின் குழந்தை. இதற்கு அழுத்தமான சான்று .410 மஸ்கட். .303 சுடும் லீ என்ஃபீல்டு ரைஃபிளின் உருவம்தான். ஆனால் குழாயின் உட்புறம் வரித்தடமின்றி வழவழப்பாக இருக்கும், ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். ராணுவத்தின் .303 தோட்டாவுக்கன்றி, தனியான .410 தோட்டாவுக்கு ஏற்பவே அது அமைக்கப்பட்டது. காவலுக்கும் சிறைப் பணிக்கும் அதுதான் வழங்கப்பட்டது. காவலரே நாளை கிளர்ந்தெழுந்தாலும், அல்லது கூட்டம் அவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்துக்கொண்டாலும், ராணுவத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்ற கணக்கு அது.

அதாவது பற்றாக்குறை கவனப்பிசகால் வந்ததல்ல, திட்டமிட்டு வார்க்கப்பட்டது. ஆயுதமில்லாத கூட்டத்தை நினைத்துச் செய்த கருவிக்கு ஆயுதமேந்திய எதிரி கணக்கிலேயே இல்லை. காலப்போக்கில் .410-இன் இடத்துக்கு .303 வந்தது, பின்பு வேறு ரைஃபிள்களும் வந்தன. கணக்கு மட்டும் பெரிதாக மாறவில்லை என்பதே என் வாதம்.

மாறவில்லை என்பதற்குத் துப்பாக்கியைவிடத் தோட்டா நல்ல சாட்சி. மும்பைத் தாக்குதலை ஆராய மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான், வி.பாலச்சந்திரன் குழு, சுடும் பயிற்சிக்கே தோட்டா போதாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. கூட்டத்தை அடக்கப் பயன்படும் ரைஃபிள் பெரும்பாலும் காட்டுவதற்குத்தான், சுடுவதற்கல்ல. காட்டும் பொருளுக்குப் பயிற்சித் தோட்டா எதற்கு என்றுதான் கிடங்குக் கணக்கும் நினைக்கும். 

எதிர்வாதம் ஒன்று உண்டு. அன்றிரவு காமா மருத்துவமனையை ஒட்டிய சந்தில் கொல்லப்பட்ட காவல் அதிகாரி அசோக் காம்தேயிடம் ஏ.கே-47 இருந்தது. சக அதிகாரிகள் ஹேமந்த் கர்கரே, விஜய் சலஸ்கர் இருவரும் அவர் சென்ற வண்டியிலேயே இறந்தார்கள். நல்ல ஆயுதமும் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சம்பவம் வேறொன்றைக் காட்டுகிறது. மூன்று மூத்த அதிகாரிகள் ஒரே வண்டியில், எதிரி எங்கே இருக்கிறான் என்ற உறுதியான தகவலின்றிப் போனார்கள். துப்பாக்கி எதிரியின் கையைக் காயப்படுத்தியது. தகவலின்மை மூவரையும் கொன்றது. அதற்குச் சற்று நேரத்தில் கிர்காவ் சௌபாத்தியில், லத்தி மட்டுமே வைத்திருந்த துணை உதவி ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே கசாபின் துப்பாக்கிக் குழாயைக் கையால் பற்றி, உடலில் குண்டுகளை வாங்கிக்கொண்டு விடாமல் இருந்தார். கசாப் உயிரோடு பிடிபட்டது அதனால்தான். அசோக சக்ரா அவருக்குத் தகும். ஆனால் அந்த வீரத்தைக் கொண்டாடும் மேடையில் லத்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதே சிக்கலை அமெரிக்கா எதிர்த்திசையிலிருந்து சந்தித்தது. 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் வடக்கு ஹாலிவுட்டில் வங்கிக் கொள்ளையர் இருவர், உடல் முழுதும் கவசம் அணிந்து, தானியங்கியாக மாற்றிய ரைஃபிள்களோடு வெளியே வந்தனர். ரோந்துக் காவலரின் பிஸ்டல் குண்டுகளைக் கவசம் தாங்கிக்கொண்டது. அருகிலிருந்த துப்பாக்கிக் கடையில் போய் ரைஃபிள் வாங்கி வந்தார்கள் காவலர்கள். 44 நிமிடங்களுக்குப் பின் கொள்ளையர் இருவரும் இறந்தனர். காவலரில் பலர் காயமடைந்தாலும் எவரும் சாகவில்லை. பிறகு ராணுவத்தின் உபரி எம்-16 ரைஃபிள்கள் சுமார் 600 அந்நகரக் காவல்துறைக்கு வந்தன. உபரித் தளவாடங்களை உள்ளூர்க் காவல்துறைகளுக்குக் கொடுக்கும் வழி நாடு முழுதும் விரிந்தது. 2014-இல் ஃபெர்குசன் நகரப் போராட்டக்காரர் முன் போலீஸ் கவச வண்டிகளோடு நின்ற காட்சிக்குப் பிறகு, ஒபாமா அரசு 2015-இல் சிலவற்றைக் கட்டுப்படுத்தியது. டிரம்ப் அரசு 2017-இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. கொள்ளையரை நினைத்து வாங்கிய ஆயுதம் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. நம்முடையதோ கூட்டத்தின் பக்கமாகவே வார்க்கப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும் கண்ணாடிகள்.

2008-க்குப் பின் இந்தியா தேர்ந்த வழி வேறு: சிறப்புப் படைகள். தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் தளங்கள் அமைந்தன. மகாராஷ்டிரம் ஃபோர்ஸ் ஒன் படையைத் தொடங்கியது. அந்தத் தாக்குதலில் நடந்தது போன்ற ஓட்டல் முற்றுகைக்கு இவை தேவையே. ரயில் நிலையத்துக்கு? அங்கே தாக்குதல் இரவு ஒன்பதரையை ஒட்டித் தொடங்கியது. கசாப் பிடிபட்டபோது நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. தேசியப் பாதுகாப்புப் படையினர் ஏறிய விமானம் அப்போது டெல்லியிலிருந்து கிளம்பவே இல்லை. மும்பையிலேயே தளம் இருந்திருந்தாலும், முதல் பத்து நிமிடம் நடைமேடையில் நின்றவருக்கு உரியதுதான்.

உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில் .303-க்கு முறையாக விடைகொடுத்தது. அதற்கு மும்பைச் சம்பவத்திலிருந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய ரைஃபிளைத் தோளில் ஏந்தும் காவலர் ஆண்டுக்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகுகிறார் என்ற எண்ணை அணிவகுப்பு மைதானத்தில் யாரும் வாசிப்பதில்லை.