பிணை யாருக்கு? – வன்னியின் ஒப்பந்தப் பத்திரங்கள்

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர், அதனைப் பண்டாரவன்னியனின் போரிலும் பழைய குளக்கட்டுகளிலும் தேடியிருக்கின்றனர். தேடியது தவறன்று. ஆயினும் அம்மண்ணில் வீதியும் புகையிரதப் பாதையும் வீடும் எவ்வாறு எழுந்தன என்று அறிய வேண்டுமானால், இன்னும் ஓர் இடத்திலும் தேடியாக வேண்டும். கேள்விப்பத்திரம், விவரக்கூற்று, ஒப்பந்தம், பிணைப்பத்திரம் என்பன தூசு படிந்து கிடக்கும் கந்தோர் அலுமாரியே அது. சுவையற்ற வாசிப்பு என்று நம் ஆசிரிய நண்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் எவர், எவருக்கு, எதற்காகப் பொறுப்பு என்பதை ஒரு சமுதாயம் ஒளிவுமறைவின்றி எழுதிவைக்கும் இடம் அதுவன்றோ!

ஒப்பந்தம் என்ற ஒன்று வருமுன் உழைப்பு எவ்வாறு பெறப்பட்டது? கிராமத்துச் சிறு குளங்களில் பங்கு முறை நிலவியது. வயலில் ஒருவருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த அளவுக்குக் குளக்கட்டையும் வாய்க்காலையும் பேணுவது அவர் கடன். கட்டுகிறவனும் பயனடைகிறவனும் ஒருவனே. அவன் தன் பங்கைக் கவனியாது விட்டால், உடைப்பு அயலவன் வயலோடு அவன் வயலையும் கொண்டுபோகும். வேறு பிணை எதற்கு? இதனைப் பொற்காலம் என்று பாட நாம் வரவில்லை. வயலில் பங்கில்லாதவனுக்கு அந்த ஏற்பாட்டில் குரலும் இல்லை. இருந்தும் வேலையின் தரத்திற்கும் அதைச் செய்தவனின் வயிற்றுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்பதை மறக்கலாகாது.

கிராமத்துக்கு மேலே, அரசுக்கென்று செய்யும் ஊழியமாக இராசகாரியம் இருந்தது. கோல்புறூக்கின் பரிந்துரைப்படி 1832இல் பிரித்தானியர் அதனை ஒழித்தனர். மனிதாபிமானம் என்று பாடநூல்கள் கூறும். உழைப்பைச் சந்தையில் விலைக்கு வாங்க விரும்பிய புதிய முதலாளித்துவத்தின் தேவை என்று சொல்வதே பொருந்தும். கட்டாய வேலை மீதிருந்த வெறுப்பு எத்தகையது என்பதற்கு 1848 சான்று. அவ்வாண்டின் தெருச் சட்டம், 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் யாவரும் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் வாசலால் அனுப்பியதைச் சன்னலால் அழைத்த கதை இது! அவ்வாண்டிலேயே கண்டிச் சீமையில் கிளர்ச்சி வெடித்தது.

வன்னிக் காட்டை ஊடறுத்து இருப்புப்பாதை வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1905 ஆகஸ்டு 1ஆம் நாள் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை புகையிரதம் ஓடிற்று. மலேரியா நிறைந்த அக்காட்டில் மண் வெட்டியவர்களுள் தென்னிந்தியக் கூலிகளும் இருந்தனர். அக்காலத் தென்னிந்தியத் தொழிலாளியின் நிலையை அறியத் தோட்டங்களில் வழங்கிய ‘துண்டு’ ஒன்றே போதும். கங்காணியிடம் பெற்ற முற்பணமும் கரைகடந்து வந்த செலவும் கடனாகக் கணக்கில் ஏறும். அக்கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதித்தரும் சீட்டே துண்டு. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி தன் உடலையே பிணையாக வைத்து வாழ்ந்தான். அம்மக்களின் வழிவந்தோர் பலர், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினர். இன்றும் வன்னியின் கூலி உழைப்பில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

இனி இன்றைய ஒப்பந்தத்தைப் பார்ப்போம். ஆலோசனைப் பொறியியலாளரின் சர்வதேசச் சம்மேளனம் 1913இல் பெல்ஜியத்தில் உருவாயிற்று. பிரித்தானியப் படிவத்தை அடியொற்றி 1957இல் அது வெளியிட்ட ஒப்பந்த நிபந்தனைகள், ‘செம்புத்தகம்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவின. இலங்கையில் கட்டிடத்துறைப் பயிற்சி, அபிவிருத்தி நிறுவகம் தரப்படுத்திய ஆவணங்களை வகுத்தது. 2014இன் 33ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அப்பணி நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் கைக்கு வந்தது.

இவ்வாவணங்கள் கூறும் பிணைகள் எவை? விலைமனுவோடு ஒரு பிணை. ஒப்பந்தம் கிடைத்ததும், பொதுவாக ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு 5 வீதத்துக்குச் செயலாற்றுகைப் பிணை. வேலை தொடங்கப் பெறும் முற்பணத்துக்கு அதே தொகைக்கு இன்னொரு பிணை. இவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும். குறைபாடு தெரியவரும் காலம் கழிந்த பின்னரே அது முழுதும் ஒப்பந்தகாரர் கைக்கு வரும். பிணை கொடுப்பது வங்கியோ காப்புறுதி நிறுவனமோ ஆகும். வேலை பிழைத்தது என்று அரசு எழுத்தில் கேட்டால், வாதாடாமல் பணத்தைக் கொடுக்க வேண்டும். பொதுப்பணத்தைக் காக்க இவை வேண்டியனவே, நாம் மறுக்கவில்லை. ஆனால் பிணைப்பத்திரத்தில் வரும் பெயர்கள் மூன்று: அரசு, ஒப்பந்தகாரர், வங்கி. கல் சுமந்தவளின் கூலி நிலுவையில் நின்றால் எந்தப் பிணையை உடைப்பது? ஒப்பந்தகாரரிடமிருந்து உபஒப்பந்தகாரர், அவரிடமிருந்து மேசன், அவரிடமிருந்து கையாள் என்று வேலை கைமாறி இறங்குகிறது. பிணையோ முதற் படியிலேயே நின்றுவிடுகிறது.

இது இயற்கை நியதி என எவரும் எண்ண வேண்டாம். முதலாளித்துவத்தின் தலைவாசலான அமெரிக்காவிலேயே, மத்திய அரசின் கட்டிட வேலைகளில் உழைத்தோருக்கும் பொருள் வழங்கியோருக்கும் பணம் கிடைப்பதை உறுதிசெய்யும் பிணை 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 1935இன் மில்லர் சட்டம் அதனைத் தனிப் பிணையாகவே பிரித்தது: வேலைக்கு ஒன்று, கூலிக்கும் பொருளுக்கும் இன்னொன்று. அரசுச் சொத்தின்மீது தொழிலாளியால் வழக்காடிப் பற்றுரிமை கோர முடியாது. ஆகவே அதற்கு ஈடாக இப்பிணை என்பது சட்டத்தின் நியாயம். நமது வழக்கத்தில் முதற் பிணை வந்து சேர்ந்தது. இரண்டாவது வந்து சேரவில்லை.

2009இல் போர் முடிந்தபோது வன்னி கூரையற்ற நிலமாகக் கிடந்தது. அங்கே ஒரு புதுமை நடந்தது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் முதல் 1,000 வீடுகள் முடிந்த பின், 2012 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய கட்டத்தில் ஒப்பந்தகாரரே நீக்கப்பட்டார். வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிக் குடும்பமே தன் வீட்டைக் கட்டியது. வீடொன்றுக்கு 5,50,000 ரூபா; நான்கு தவணைகளில் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வந்தது. ஒரு கட்ட வேலையைத் தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்து ஒப்புக்கொண்டால் அடுத்த தவணை. பிணைப்பத்திரம் இல்லை, தன் வீடு என்ற அக்கறையே பிணை. பங்கு முறையின் சாயல் இதில் தெரிகிறதன்றோ? மேசனோடு பேரம் பேசவும், சீமெந்துக் கலவையைக் கண்காணிக்கவும், மரத்தை இனங்காணவும் பெண்கள் கற்றுக்கொண்டனர்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்போது மணலும் கல்லும் மேசன் கூலியும் விலையேறாமல் இருக்குமா? பெரிய ஒப்பந்தங்களில் விலையேற்றத்தை ஈடுசெய்ய ஒரு வாசகம் சேர்ப்பதுண்டு. கணவனை இழந்து, தனியே குடும்பம் சுமக்கும் பெண்ணுக்கு அத்தகைய வாசகம் ஏது? அவள் நகையை அடகுவைத்தாள், கடன் வாங்கினாள். ஒப்பந்தகாரரின் நட்டம் அவள் தலையில் இறங்கிற்று; அவருடைய இலாபம் மட்டும் அவளுக்கு இல்லை. காணி அனுமதிப்பத்திரம் இல்லாதோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மலையகத்திலிருந்து வந்து, ஒரு தலைமுறைக்கு மேலாக அங்கேயே வாழ்ந்தும் கையில் பத்திரமில்லாதவர்களுக்கு, வீடு கோரும் படிவமே எட்டாக்கனியாயிற்று.

அடுத்து வந்தது உருக்கு வீடு. வடக்கு கிழக்குக்கு 65,000 வீடுகள் கட்ட 2015இல் மீள்குடியேற்ற அமைச்சு முன்மொழிவுகளைக் கோரியது. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் முன்னாயத்த உருக்கு வீடு தெரிவாயிற்று. விலை வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா; தளபாடமும் சூரியக்கலமும் அதனுள் அடக்கம். 2016இல் எதிர்ப்பு எழுந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளரும் தமிழ் அரசியலாளரும் சமூக ஆய்வாளரும் கேள்விமேல் கேள்வி எழுப்பினர். அத்திவாரம் போதுமா? வன்னி வெயிலில் உருக்குச் சுவருக்குள் குழந்தை உறங்குமா? ஏறத்தாழப் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாமே, அந்தக் கூலி ஊர் மேசனுக்குச் சேருமே? விறகு அடுப்பில் சமைக்கும் மக்களுக்குப் புகைபோக்கி இல்லாத வீடா? இக்கடைசிக் கேள்வியே நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. தகட்டின் தடிப்பைக் கணக்கிட்டுக் குறித்தவர்களுக்கு அடுப்பின் நினைவு வரவில்லை. எத்தனை பிணை எழுதினும், விவரக்கூற்றில் இல்லாத புகைபோக்கிக்கு எவரும் பொறுப்பாளியாகார். அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை.

2018இல் சீன நிறுவனமொன்றின் 40,000 வீட்டுத் திட்டத்திலும் அதே சிக்கல் எழுந்தது. அந்நிறுவனம் முன்வைத்தது காங்கிறீற்றுக் கட்டமைப்பு. மக்கள் கேட்டது கல்வீடு. கல்வீட்டுக்கு மக்களிடமும் ஒரு விவரக்கூற்று இருக்கத்தான் செய்கிறது: மகளுக்குக் கலியாணம் வந்தால் பின்பக்கம் ஓர் அறை இறக்கலாம், சுவர் வெடித்தால் ஊர் மேசனே பூசிவிடுவான், குசினிப் புகை ஓட்டின் வழியே வெளியேறும்.