தமிழின் சிறந்த காமெடிப் படம் எது? – ஒரு தீராத சண்டையின் வரலாறு

நாலு சினிமாப் பைத்தியங்கள் ஒன்றாக உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்தே தீரும். தமிழில் வந்த காமெடிப் படங்களிலேயே சிறந்தது எது? ஒருவர் 'காதலிக்க நேரமில்லை' என்பார். அடுத்தவர் 'மைக்கேல் மதன காம ராஜன்' என்பார். 'தில்லு முல்லு'வுக்கும் 'உள்ளத்தை அள்ளித்தா'வுக்கும் ஆள் இருக்கும். இதுவரை சண்டை சுமுகமாகத்தான் போகும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் நாலாவது ஆள் 'கரகாட்டக்காரன்' என்று சொன்னதும்தான் குழப்பம் ஆரம்பிக்கும். "அது காமெடிப் படமாய்யா? அதுல காமெடி வருது, அவ்வளவுதான்" என்று மற்ற மூவரும் சேர்ந்து அவர் மேல் பாய்வார்கள். அவரும் விடமாட்டார். "நீங்க சொல்ற மூணு படத்தையும் சேர்த்தாலும் அந்த வாழைப்பழ சீனுக்கு ஈடாகுமா?" என்பார்.

இரண்டு தரப்புமே சரிதான். ஏன் என்றால் இருவரும் பேசுவது இரண்டு வேறு சரக்குகளைப் பற்றி. தமிழ் சினிமாவில் நகைச்சுவை கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே இரண்டு தனித்தனித் தொழில்களாக நடந்து வந்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் டாப் டென் போட உட்கார்ந்தால் சண்டை முடியவே முடியாது.

முதலில் முழுநீளப் படம். இந்த வரிசையில் எல்லோரும் தொடங்கும் இடம் 1941-ல் ஏவி.மெய்யப்பன் எடுத்த 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம்தான் படமானது. பணக்கார வீட்டு அசட்டுப் பிள்ளையாக டி.ஆர்.ராமச்சந்திரன், அதே பெயர் கொண்ட வேலைக்காரனாக காளி என்.ரத்னம். எஜமானனும் அசடு, வேலைக்காரன் அவனுக்கும் மேல். புராணப் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், சாமியும் இல்லாமல் ராஜாவும் இல்லாமல் இரண்டு முட்டாள்களை மட்டும் நம்பி ஒரு முழுப் படம் எடுத்தது சாதாரண தைரியம் இல்லை. (இதே ராமச்சந்திரன் 1960-ல் 'அடுத்த வீட்டுப் பெண்' படத்திலும் ஹீரோ. அதன் மூலக்கதை வங்காளத்திலிருந்து வந்தது. பின்னாளில் இந்தியில் 'படோசன்' என்று வந்து சக்கைப்போடு போட்டதும் அதே கதைதான்.)

இரண்டாவது தொழிலின் முதலாளி என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணர் சினிமாவுக்கு வந்தது 1936-ல் 'சதி லீலாவதி'யில். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்து, தன் குழுவினரை வைத்துத் தயார் செய்து, படத்துக்குள் ஒரு தனிச் சரக்காகக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வழக்கம். மூலக்கதை ஒரு பக்கம் போகும். கலைவாணரும் டி.ஏ.மதுரமும் இன்னொரு பக்கம் போவார்கள். கூட்டம் இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கும். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தில்கூட இந்த ஜோடி உண்டு. ஆனால் 'ஹரிதாஸ்' படத்தை எந்த மகானும் காமெடி லிஸ்டில் சேர்க்கமாட்டார். பாகவதரின் பக்திப் படம் அது.

விளைவு என்ன? தமிழ் சினிமாவின் முதல் பெரும் நகைச்சுவைக் கலைஞன், பட்டியல் என்று வந்தால் காணாமல் போகிறார். அவர் பெயரில் முழுப் படமே இல்லையா என்றால் இருக்கிறது. அண்ணா வசனம் எழுதிய 'நல்லதம்பி' (1949), அவரே இயக்கிய 'மணமகள்' (1951). ஆனால் அவை சீர்திருத்தம் பேசும் படங்கள். கலைவாணரின் சிரிப்பு அதிகம் கொட்டிக் கிடப்பது மற்றவர்களின் படங்களில். என் மனதை உறுத்துவது இதுதான். 'சிறந்த பத்துப் படங்கள்' என்று கேள்வியை அமைத்த கணமே கலைவாணர் வெளியே போய்விடுகிறார். அவரோடு தங்கவேலுவும் சந்திரபாபுவும் கவுண்டமணியும் பாதி வடிவேலுவும் வெளியே போய்விடுகிறார்கள். உள்ளே நிற்பது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஹீரோவே காமெடி செய்த படங்கள். 'தில்லு முல்லு'வில் ரஜினி, 'மைக்கேல்' படத்தில் கமல். ஹீரோ சிரிக்க வைத்தால் அது காமெடிப் படம், காமெடியன் சிரிக்க வைத்தால் அது டிராக். என்ன நியாயமோ!

இந்த இரண்டு தொழிலும் கைகோர்த்த இடம் ஒன்று உண்டு. 1959-ல் ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' வந்தது. கண்ணீர் வழியும் காதல் தியாகக் கதை. அதற்குள் எழுத்தாளர் பைரவன் என்று பொய் சொல்லித் திரியும் தங்கவேலுவும் அவரை நம்பி ஊரெல்லாம் பெருமையடிக்கும் எம்.சரோஜாவும். இந்த நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஸ்ரீதரின் பால்ய நண்பர் கோபு. ஐந்தே வருடத்தில் அதே ஸ்ரீதரும் கோபுவும் அந்த 'டிராக்'கை முழுப் படமாக விரித்தார்கள். 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'நெஞ்சம் மறப்பதில்லை' என்று வரிசையாகக் கனமான படங்கள் எடுத்தவர் 1964-ல் ஈஸ்ட்மென் கலரில் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார். புதுமுகம் ரவிச்சந்திரன், முத்துராமன், காஞ்சனா, ராஜஸ்ரீ, நாகேஷ், சச்சு, எல்லோருக்கும் மேலாக டி.எஸ்.பாலையா.

பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை விவரிக்கத் தேவையில்லை, பார்க்காதவர்கள் கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் காட்சியில் சத்தம், நடிப்பு, எல்லாம் நாகேஷ். ஆனால் சிரிப்பு வருவது பாலையா முகத்தைப் பார்த்து. மேலோட்டமாகப் பார்த்தால் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பாவின் சினிமாப் பைத்தியம் ஒரு தனி டிராக்தான். அதைக் கத்தரித்தாலும் காதல் கதை நடக்கும். ஆனால் செல்லப்பா பணம் கேட்டு அரிப்பது யாரை? தன் அப்பாவை. காதலர்கள் ஏமாற்றுவது யாரை? அதே அப்பாவை. இரண்டு கயிற்றையும் ஒரே தூணில் கட்டிவிட்டார்கள். அந்தத் தூண் பாலையா. அதனால்தான் இந்தப் படத்தைத் துண்டு துண்டாக டிவியில் பார்ப்பதைவிட முழுசாகப் பார்த்தால் சிரிப்பு ஏறுகிறது. தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்தார்கள். இந்தியில் ('பியார் கியே ஜா', 1966) நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத்.

கோபு பிறகு 1972-ல் 'காசேதான் கடவுளடா'வை அவரே இயக்கினார். சித்தி மனோரமாவின் பணத்தை அடிக்க தேங்காய் சீனிவாசனைப் போலிச் சாமியாராக வீட்டுக்குள் கொண்டுவரும் கதை. பட்டியல்களில் இது எப்போதும் ஏழு, எட்டு என்று கீழேயே கிடப்பது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நடுவில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். முழுநீளக் காமெடிப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி நாடக மேடையிலிருந்து வந்தவை, அல்லது மேடை ஆட்கள் எழுதியவை. 'சபாபதி' பம்மல். 'எதிர்நீச்சல்' (1968) பாலசந்தரின் நாடகம். 1979-ல் வந்த இந்தி 'கோல்மால்' படத்தை 'தில்லு முல்லு' (1981) ஆக்கியபோது வசனம் விசு, இயக்கம் பாலசந்தர், இருவருமே மேடை. 'மணல் கயிறு' (1982) விசுவின் நாடகம். கமல் படங்களுக்கு கிரேஸி மோகன். இரண்டரை மணி நேரம் ஒரே முடிச்சை வைத்து ஆட்களை உட்கார வைக்கும் வித்தை சபா நாடகத்தில்தான் பழகிக்கொள்ள முடியும் போலிருக்கிறது. ஆகவே நம்முடைய டாப் டென்களில் ஒரு மயிலாப்பூர் வாசனை வீசுவது தற்செயல் இல்லை. வார்த்தை விளையாட்டு, ஆள்மாறாட்டம், பொய்மேல் பொய் இதெல்லாம் 'தரமான காமெடி'. கவுண்டமணி திட்டுவதும் வடிவேலு அடிவாங்குவதும் 'கத்தல்'. இந்தத் தரம் பிரிப்பில் ரசனை எவ்வளவு, ஊரும் வர்க்கமும் எவ்வளவு என்று பட்டியல் போடுகிறவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கவுண்டமணி காமெடியில் எல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஒருவரின் நிறத்தையும் உருவத்தையும் கிண்டலடித்தே ஓட்டிய காட்சிகள் ஏராளம். இன்று பார்த்தால் நெளிய வைக்கும். ஆனால் 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய், இரண்டு பழம், ஒன்று இங்கே, இன்னொன்று எங்கே? அவ்வளவுதான் மொத்த மேட்டரும். செந்தில் சொல்லும் பதில் தர்க்கப்படி தவறே இல்லை, கவுண்டமணிக்குக் கோபம் ஏறுவதும் தவறில்லை. இப்படி ஒரு காட்சியை எழுதியவர் ஏ.வீரப்பன் என்ற நடிகர். 'வைதேகி காத்திருந்தாள்', 'இதயக்கோவில்', 'உதயகீதம்' என்று அந்த ஜோடியின் பல பிரபலக் காட்சிகளுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். கிரேஸி மோகன் பெயர் தெரியாத சினிமா ரசிகன் கிடையாது. வீரப்பன் பெயரைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் சந்தனமரம் என்று நினைப்பார்கள்!

சரி, காமெடிப் படமா இல்லையா என்று கண்டுபிடிக்க ரசிகர்கள் வைத்திருக்கும் வழக்கமான டெஸ்ட்: காமெடியை உருவி எடுத்தால் கதை நிற்குமா? நின்றால் அது காமெடிப் படம் இல்லை. 'கரகாட்டக்காரன்' நிற்கும், அவுட். 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) என்ன ஆகும்? நாலு குழந்தைகள் பிரிந்து வளர்ந்து சொத்துத் தகராறில் சேரும் பழைய மசாலாவின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். பாலக்காட்டுக் காமேஸ்வரனின் சாம்பாரில் மீன் விழாவிட்டால், கடைசியில் மலை உச்சியில் வீடு ஊசலாடாவிட்டால் (சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' படத்துக்கு ஒரு கும்பிடு) அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எனவே பாஸ்.

டெஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு படங்களில் பல்லிளிக்கிறது. ஒன்று 'திருவிளையாடல்' (1965). நாகேஷின் தருமியை உருவிவிட்டால் நக்கீரரோடு சிவனுக்கு வாக்குவாதம் ஏது? கதையைத் தாங்குவதே காமெடியன், ஆனால் படமோ பக்திப் படம். இரண்டாவது 'வின்னர்' (2003). கைப்புள்ளையை எடுத்துவிட்டால் படம் நிற்கும், ஓடும், வில்லன் அடி வாங்குவான். பார்ப்பதற்கு ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

நான் காமர்ஸ் மாணவன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'துணைப்பொருள்' என்று ஒரு பாடம் உண்டு. ஆலை ஓடுவது சர்க்கரைக்காக. கூடவே மொலாசஸ் கிடைக்கும், அதன் வருமானத்தைப் பிரதானக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். 'வின்னர்' கதை, சர்க்கரையை எல்லோரும் மறந்து மொலாசஸ் மட்டும் விற்றுக்கொண்டே இருக்கும் கதை. கைப்புள்ளையின் 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' 2013-ல் ஒரு முழுப் படத்தின் தலைப்பானது. 'தலைநகரம்' (2006) படத்தின் நாய் சேகர் பெயரை வைத்து 2022-ல் மட்டும் இரண்டு படங்கள். 2019 மே மாதம் 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தின் காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. தலையில் சுத்தியல் விழுந்து பதினெட்டு வருஷம் கழித்து! அந்தப் படத்தின் மூன்று நாயகர்களின் பெயர் என்ன என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

இதற்கு டிவிக்கும் பங்கு உண்டு. 1993-ல் சன் டிவி வந்த பிறகு காமெடிக் காட்சிகளை மட்டும் வெட்டிப் போடும் நிகழ்ச்சிகள் பெருகின. பிறகு ஆதித்யா, சிரிப்பொலி என்று இதற்கென்றே சேனல்கள். எங்கள் தலைமுறை கவுண்டமணியைப் பார்த்தது இப்படித்தான், எந்தப் படம் என்றே தெரியாமல். வெட்ட வசதியான காமெடி பிழைத்தது. வெட்ட முடியாமல் பின்னிக் கிடந்த 'சபாபதி', 'அடுத்த வீட்டுப் பெண்' மாதிரிப் படங்கள் பின்னுக்குப் போயின. ஆக, லிஸ்ட் என்று எழுதினால் டிராக்குகள் நஷ்டப்படுகின்றன, டிவி என்று வந்தால் முழுப் படங்கள் நஷ்டப்படுகின்றன.

அமெரிக்கர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 2000-ல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நூறு காமெடிப் படங்களைப் பட்டியலிட்டு 'சம் லைக் இட் ஹாட்'டை (1959) முதலிடத்தில் வைத்தது. அங்கே காமெடி என்றால் முழுப் படம். நமக்கு அந்த அச்சு பொருந்தாது. என்னைக் கேட்டால் இரண்டு பட்டியல் வேண்டும். படங்களுக்கு ஒன்று, டிராக்குகளுக்கு ஒன்று. டிராக் பட்டியலில் எழுதியவர் பெயரும் கட்டாயம் இருக்கவேண்டும்.

படப் பட்டியலில் என் முதல் இடம் 'காதலிக்க நேரமில்லை', இரண்டாவது 'மைக்கேல்'. மூன்றாவதாக நான் வைப்பதுதான் நண்பர்களைக் கடுப்பேற்றுகிறது: 'சதி லீலாவதி'. கலைவாணர் அறிமுகமான 1936 படம் இல்லை, பாலுமகேந்திரா 1995-ல் எடுத்தது. நம் காமெடியில் மதுரத்துக்குப் பிறகு பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் காமெடியனிடம் உதை வாங்குவது. மனோரமா ஒருவர்தான் அதை மீறிக்கொண்டே இருந்தார். இந்தப் படத்தில் குண்டான மனைவி லீலாவதியாக கல்பனா. அவர் உடம்பை வைத்துச் சிரிப்புக் காட்டிவிட்டு, பிறகு சிரித்தவனையே கூண்டில் நிறுத்துகிறது கதை. கூடவே கோவை சரளா, அதுவும் கமலுக்கு ஜோடியாக, கொங்குத் தமிழில் அவருக்குச் சரிக்குச் சரி. கமல் ஒரு வரி விட்டால் இவர் இரண்டு வரி திருப்பி அடிக்கிறார். 'தில்லு முல்லு' ஆட்கள் சண்டைக்கு வரலாம், வாசல் திறந்தே இருக்கிறது :-)