மணலில் எழுதிய விரல்

விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுத வைக்கிறோம். மறுநாள் முதல் புத்தகமும் பென்சிலும்தான். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியிலோ தொடக்கத்தில் மணலே பலகை. பிள்ளைகள் தரையில் அமர்ந்து, சுட்டுவிரலால் எழுத்தை வரைந்தபடியே 'ஆனா, ஆவன்னா' என்று உரக்கச் சொல்லுவார்கள். கண் பார்க்கும், வாய் சொல்லும், காது கேட்கும், விரல் உணரும். அதன் பிறகே ஓலையும் எழுத்தாணியும். (பிரம்படியும் அங்கே இருந்தது. அது நமக்கு வேண்டாம்.)

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகையில், நாட்டுப் பள்ளி ஒன்றில் இந்தக் காட்சியைக் கண்டார். திரும்பி வந்ததும், தம் இல்லத்துக் கீழ்வகுப்பிலும் மணலில் எழுதிப் பழக்கச் சொன்னார். அந்த வகுப்பாசிரியர் முடியாது என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனிடமே வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான்! 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. மணலும் கூடவே போயிற்று. பெல்லுக்குப் புகழ் கிடைத்தது. அந்தத் திண்ணை வாத்தியார் யாரோ!

1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், மணல்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் ஒலி சொல்லிக்கொண்டே தடவச் செய்தார். 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அமெரிக்காவில், சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர், நல்ல அறிவுள்ள பிள்ளைகளும் வாசிக்கத் திணறுவதை 1925இல் எழுதினார். அத்தகைய பிள்ளைகளுக்காக ஆனா கில்லிங்காம் என்ற ஆசிரியை, பார்த்து, சொல்லி, கேட்டு, எழுதிப் பழகும் பாடங்களை வகுத்தார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு அவ்வழி இன்றும் கையாளப்படுகிறது.

தோட்டத்துப் பள்ளியில் 'மக்கு' என்று கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் திணறல் இருந்ததோ? 'பழம்' என்பதை நம்மில் பலர் 'பளம்' என்றே சொல்லுகிறோம். அப்படிக் கேட்டு வளரும் பிள்ளை 'ள' போட்டு எழுதினால் அது சோம்பலா? காது கொடுக்காததைக் கைதான் கொடுக்க வேண்டும்.

பிஸ்கட் டின் மூடியில் மணலைப் பரப்புங்கள். 'ழ' என்று நாவை மடித்து நீங்கள் சொல்ல, பிள்ளையும் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். பத்து நிமிடம் போதும். பிழை வந்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடியும் எழுதலாம்.