டில்லியின் புகையும் பஞ்சாப்பின் தீயும்

ஒக்டோபர் கழிந்து நவம்பர் பிறக்கும் வேளையில் ஆண்டுதோறும் டில்லி மாநகரின்மீது புகைமூட்டம் கவிந்துவிடுகிறது. 2019 நவம்பர் 1ஆம் திகதி அங்கு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பாடசாலைகள் மூடப்பட்டன. இவ்வாறு நேரும்போதெல்லாம் பஞ்சாப், அரியானா விவசாயியை நோக்கியே சுட்டுவிரல் நீளுகிறது. நெல் அறுத்த வயலில் அரிதாளைக் கொளுத்தும் அவனே தலைநகரின் மூச்சைத் திணறடிக்கிறான் என்பது நகரத்து மேற்குடியினரின் தீர்ப்பு. இத்தீர்ப்பை வரலாற்றின் ஒளியில் வைத்து ஆராய்வது அவசியமாகும்.

முதலில் இயற்கையின் பங்கை நோக்குவோம். கோடையில் சூடேறிய நிலம் காற்றை மேலெழச் செய்கிறது. நகரின் புகையும் அதனோடு உயர்ந்து கலைகிறது. பின்னர் வரும் பருவமழை காற்றைக் கழுவிவிடுகிறது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்கு மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிடுகிறது. இதனையே புவியியலார் வெப்பநிலை நேர்மாறல் என்பர். அவ்வேளையில் வடமேற்கிலிருந்து மெல்ல வீசும் காற்று, வயற்புகையைச் சுமந்துவந்து டில்லியின்மேல் நிறுத்திவிடுகிறது.

இவ்வானிலை நேற்றுத் தோன்றியதன்று. அங்ஙனமாயின், காற்றுத் தளரும் அதே வாரங்களில் தீ மூள்வது ஏன்? இவ்வினாவுக்கு வானிலை விடை தராது. வரலாறே விடை தரும்.

பஞ்சாப் கோதுமை விளைந்த மண். 1960-61இல் அங்கு நெல் பயிரான நிலம் சுமார் 2 இலட்சம் ஹெக்டேயர் மட்டுமே. இன்று அது சுமார் 30 இலட்சம். 1960களின் நடுப்பகுதியில் வறட்சியால் வாடி, அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நின்ற இந்திய அரசு, பசுமைப் புரட்சியின் களமாகப் பஞ்சாப்பைத் தேர்ந்தது. 1965இல் இந்திய உணவுக் கழகம் நிறுவப்பட்டது. நெல்லுக்கும் கோதுமைக்கும் உறுதியான கொள்முதல் விலை கிடைத்தது. குழாய்க் கிணறுகள் பெருகின. 1997இல் பாசனத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது. நாட்டின் பசி தணிந்தது. பஞ்சாப்பின் நிலத்தடி நீர் வற்றத் தொடங்கியது.

அந்நீரைக் காக்கவென 2009இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றியது. யூன் 10ஆம் திகதிக்கு முன் நாற்று நடலாகாது என்றது அது. நோக்கம் நன்றே. ஆயின் நடுகை பிந்தியதால் அறுவடையும் பிந்தி, காற்று தளரும் வாரங்களுக்குள் வந்து விழுந்தது. கோதுமை விதைப்புக்கு எஞ்சியவை இரண்டு மூன்று வாரங்களே. அறுவடை இயந்திரமோ தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. அதை அகற்றக் கூலியும் இயந்திர வாடகையும் வேண்டும். கடன்பட்ட சிறு விவசாயியின் கைக்கு எட்டுவது தீக்குச்சி ஒன்றுதான்.

தீயின் கேட்டை மறைப்பது எமது நோக்கமன்று. சில நாட்களில் டில்லிக் காற்றின் நுண்துகள்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் அதிலிருந்தே வருகிறது. அப்புகையை முதலில் சுவாசிப்பவரும் விவசாயியின் குழந்தைகளே. ஆயினும் வயல்களில் தீ அணைந்த பின்னரும், டிசம்பரிலும் சனவரியிலும் டில்லியின் வானம் தெளிவதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. மோட்டார் வண்டிகளும் தொழிற்சாலைகளும் அனல் மின்நிலையங்களும் ஆண்டு முழுவதும் உமிழ்பவற்றை அதே குளிர்காற்று அடைத்து வைக்கிறது. வசதியுள்ளோர் காற்றைத் தூய்மையாக்கும் கருவி பொருத்திய அறைகளுள் ஒதுங்க, ரிக்சாத் தொழிலாளியும் கட்டடக் கூலியாளும் வீதியில் நின்று அதனைச் சுவாசிக்கின்றனர்.

2020 ஒக்டோபரில் மத்திய அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், காற்று மாசு தொடர்பான விதிகளை மீறுவோர்க்கு 5 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபா வரை தண்டமும் விதிக்க வகைசெய்தது. டில்லியின் எல்லைகளில் திரண்ட விவசாயிகள் இதனையும் எதிர்த்தனர். 2021இல் நிறைவேறிய சட்டம் அவர்களை அக்குற்றத் தண்டனையிலிருந்து விலக்கியது. எனினும் இழப்பீடு அறவிடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டது.

வானிலையை மாற்ற எவராலும் இயலாது. பயிரின் காலத்தையும் விலையையும் வகுத்தவர்கள் மனிதர்கள். அவற்றை மனிதர்களே மாற்றவும் கூடும். நெல்லுக்குக் கிடைக்கும் உறுதியான கொள்முதல் மாற்றுப் பயிர்களுக்கும் கிடைக்குமாயின், அரிதாளை அகற்றும் செலவைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளுமாயின், தீக்குச்சி தானே கைநழுவும். அதனைச் செய்யாது விவசாயியைக் குற்றவாளியாக்குவது, அவன் விளைவித்த சோற்றை உண்டுவிட்டு அவன் அடுப்புப் புகையைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.