பாதிரியாரின் குற்றத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருமா? சர்ச் பாலிசிகள் வேலை செய்யும் விதம்

நியூயார்க் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் 2024 அக்டோபரில் ஒரு வழக்கு போட்டது. எதிர்த்தரப்பு, பல ஆண்டுகளாக அதற்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த 'சப்' என்ற பன்னாட்டு நிறுவனம். சிறுவயதில் பாதிரியார்களாலும் சர்ச் ஊழியர்களாலும் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சுமார் 1,400 பேர் அங்கே இழப்பீடு கேட்டிருந்தார்கள். பிரீமியம் கட்டியிருக்கிறோம், பணம் தரவேண்டும் என்பது சர்ச்சின் வாதம். முன்பே தெரிந்தும் தடுக்காமல் விட்ட குற்றத்துக்கு பாலிசி பொருந்தாது என்பது நிறுவனத்தின் வாதம்.

இந்த வழக்கில் சர்ச் ஒரு பக்கம், நிறுவனம் இன்னொரு பக்கம். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை. சர்ச் இன்ஷூரன்ஸைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த பாலிசி யாருக்கானது?

உங்கள் பைக்குக்கு எடுக்கும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸை நினைத்துப் பாருங்கள். பைக் ஒருவர் மேல் மோதினால், நீங்கள் தரவேண்டிய இழப்பீட்டை கம்பெனி தரும். ஆனால் ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையில்தான். அடிபட்டவர் அதில் மூன்றாவது ஆள்.

சர்ச்சுகள் எடுக்கும் பொதுப் பொறுப்பு பாலிசியும் இதே வகைதான். ஒரு வித்தியாசம்: நம் ஊரில் விபத்தில் அடிபட்டவர், மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் கம்பெனியையும் சேர்த்தே வழக்கு போடலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சர்ச்சால் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் சர்ச் மீதுதான் வழக்கு போட முடியும். கம்பெனி பின்னால் இருந்து வக்கீலை நியமிக்கும், பேரம் பேசும், தொகையை முடிவு செய்யும்.

40 வருடத்துக்கு முந்தைய பாலிசி இப்போது செல்லுமா?

செல்லும். நம் ஹெல்த் பாலிசி காலாவதியானால் கதை முடிந்தது. ஆனால் பழைய பொறுப்பு பாலிசிகளில் பல, 'சம்பவம் எப்போது நடந்தது' என்பதை வைத்தே எழுதப்பட்டவை. 1975-ல் நடந்த வன்முறைக்கு 2020-ல் வழக்கு வந்தாலும், 1975-ல் இன்ஷூரன்ஸ் கொடுத்த கம்பெனிதான் பொறுப்பு.

அதனால்தான் பழைய காகிதங்களுக்கு இவ்வளவு மதிப்பு. மறைமாவட்ட அலுவலகத்தின் பழைய பாலிசிகளையும் பிரீமியம் ரசீதுகளையும் தோண்டியெடுக்க 'இன்ஷூரன்ஸ் தொல்லியல்' என்றே ஒரு தொழில் அமெரிக்காவில் இருக்கிறது.

1980களின் நடுவில் லூசியானா மாநிலத்தின் லஃபயெட் மறைமாவட்ட வழக்கு நாடு முழுக்கத் தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் பாலியல் வன்முறையை பாலிசியிலிருந்து விலக்கும் நிபந்தனைகளைச் சேர்க்க ஆரம்பித்தன. ஆக, அதற்கு முந்தைய பாலிசிகள்தான் இன்றைய வழக்குகளில் மையப் புள்ளி.

சர்ச்சுக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகும்?

சிக்கலின் மையம் இதுதான். எதிர்பாராமல் நடப்பதற்குத்தான் இன்ஷூரன்ஸ். ஒரு பாதிரியார் மேல் ஏற்கெனவே புகார் வந்து, ஆயர் அவரை நடவடிக்கை எதுவும் எடுக்காமல் வேறு பங்குக்கு மாற்றிவிட்டார் என்றால், அடுத்து நடப்பதை எதிர்பாராதது என்று சொல்ல முடியுமா? முடியாது என்கின்றன கம்பெனிகள்.

பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். சர்ச்சின் அலட்சியத்தை நிரூபிக்க, அதற்கு முன்பே தெரியும் என்று அவர் காட்ட வேண்டும். அதை எவ்வளவு உறுதியாக நிரூபிக்கிறாரோ, அவ்வளவு உறுதியாக கம்பெனி கையை விரிக்கலாம். வழக்கில் ஜெயிக்க உதவும் அதே ஆதாரம், பணம் வரும் வழியை அடைக்கிறது.

நியூயார்க்கில் 2019-ல் நிறைவேறிய குழந்தைகள் பாதிப்புச் சட்டம், காலம் கடந்த வழக்குகளுக்கு தற்காலிகமாகக் கதவைத் திறந்தது. அந்தக் கதவு 2021 ஆகஸ்ட்டில் மூடியது. வழக்குகள் குவிந்தன. தான் பணம் தரவேண்டியதில்லை என்று அறிவிக்கக் கேட்ட 'சப்' நிறுவனத்தின் வழக்கு தொடரலாம் என்று 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2025 டிசம்பரில், சுமார் 1,300 பேருடன் சமரசம் பேச 30 கோடி டாலருக்கு மேல் திரட்டப்போவதாக உயர்மறைமாவட்டம் அறிவித்தது.

மன்னிப்புக் கேட்டால் க்ளெய்ம் போய்விடுமா?

பணத்தைத் தாண்டிய கேள்வி இது. இதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஆங்கிலிக்கன் சர்ச்சுகளுக்கு முக்கியமான இன்ஷூரன்ஸ் நிறுவனம் எக்லீசியாஸ்டிக்கல். 1887-ல், சர்ச் கட்டடங்களைத் தீ விபத்திலிருந்து காக்க ஆரம்பிக்கப்பட்டது. இன்று அதன் உரிமையாளர் பெனிஃபாக்ட் என்ற அறக்கட்டளை. லாபத்தில் ஒரு பகுதி சர்ச்சுகளுக்கே நன்கொடையாகத் திரும்புகிறது.

2016-ல் வெளியான எலியட் ஆய்வறிக்கை, பதின்ம வயதில் வன்முறைக்கு ஆளான ஒருவரின் அனுபவத்தை அலசியது. அவர் பல ஆண்டுகளாக மூத்த குருக்கள் பலரிடம் சொல்லியிருக்கிறார். இழப்பீடு கேட்டதும், இன்ஷூரன்ஸ் ஆலோசனையைக் காரணம் காட்டி சர்ச் அவருடன் தொடர்பைத் துண்டித்தது. அவருக்கு ஆறுதல் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்தது மௌனம். ஆறுதலை நிறுத்தச் சொல்லி ஆலோசனை தரவில்லை என்றது எக்லீசியாஸ்டிக்கல். இழப்பீட்டுக் கணக்குக்காக ஆதரவை நிறுத்தக்கூடாது என்றது அறிக்கை. அதன் பரிந்துரைகளை சர்ச் ஏற்றது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தின் 2006 இழப்பீட்டுச் சட்டப்படி, மன்னிப்புக் கேட்பதோ சிகிச்சைக்கு உதவ முன்வருவதோ மட்டும் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆக, 'சாரி சொன்னா கேஸ் போயிடும்' என்ற பயத்துக்குச் சட்டத்தில் பெரிய அடிப்படை இல்லை.

க்ளெய்மை எப்படிக் குறைக்கிறார்கள்?

மூன்று வாதங்கள் அடிக்கடி வரும்.

முதலாவது, காலவரம்பு. இங்கிலாந்தில் சிறுவயதில் நடந்ததற்கு 18 வயதிலிருந்து 3 ஆண்டுக்குள், அதாவது 21 வயதுக்குள் வழக்கு போட வேண்டும் என்பது விதி. நீதிபதி விரும்பினால் தளர்த்தலாம். பலர் வெளியே சொல்லவே 20, 30 ஆண்டுகள் ஆகும். காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தில் கம்பெனி ஜெயிக்காவிட்டாலும், அந்த அபாயத்தைக் காட்டி பேரத்தில் தொகையைக் குறைக்கலாம். இந்த வரம்பை நீக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு அறிவித்தது. ஸ்காட்லாந்து 2017-லேயே நீக்கிவிட்டது.

இரண்டாவது, பாதிப்பின் காரணம். கம்பெனி தரப்பு மனநல மருத்துவர் ஒருவர் கோப்பைப் பார்ப்பார். மனஅழுத்தம், குடிப்பழக்கம், வேலையிழப்பு எல்லாம் அந்த வன்முறையால் வந்தவையா, விவாகரத்து மாதிரி வேறு காரணமா என்ற கேள்வி எழும். பாதிக்கப்பட்டவரின் மொத்த வாழ்க்கையும் மேஜைக்கு வரும்.

மூன்றாவது, பொறுப்பை ஒப்புக்கொள்ளாத செட்டில்மென்ட். பணம் வரும், 'ஆமாம், நடந்தது' என்ற வார்த்தை வராது. பலருக்கு அந்த வார்த்தைதான் முக்கியம்.

மொத்தத் தொகையில் இன்ஷூரன்ஸ் பங்கு எவ்வளவு?

லாஸ் ஏஞ்சலஸ் உயர்மறைமாவட்டம் 2007-ல் 508 பேருக்கு 66 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இதில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பங்கு 22.7 கோடி, மூன்றில் ஒரு பங்கு. நியூயார்க் மாநிலத்தின் ராக்வில் சென்டர் மறைமாவட்டம் 2020-ல் திவால் மனு போட்டு, 2024-ல் சுமார் 600 பேருக்கு 32.3 கோடி டாலர் என்று முடித்தது. கம்பெனிகள் தந்தது சுமார் 8.5 கோடி, கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

திவால் வழக்குகளில் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, பழைய பாலிசிகளையே திரும்ப வாங்கிக்கொள்கின்றன. அதன் பிறகு யார் புதிதாக வந்தாலும் அந்த பாலிசிகளின் கீழ் அவர்களிடம் எதுவும் கேட்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே கத்தோலிக்க சர்ச் 1911-ல் தனக்கென்றே ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனம் தொடங்கியது. வன்முறை க்ளெய்ம்களின் சுமையில் அது 2023-ல் புதிய பாலிசி எழுதுவதையே நிறுத்தியது. சமூகம் சும்மா காத்திருக்கவில்லை: நீதிமன்றம் போகாமலே 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் வரை பெறும் தேசிய இழப்பீட்டுத் திட்டம் அங்கே 2018 ஜூலையில் வந்தது. இங்கிலாந்து சர்ச்சும் 15 கோடி பவுண்டு நிதியுடன் தனித் திட்டத்துக்கு 2025 ஜூலையில் இறுதி ஒப்புதல் தந்தது.

அடுத்த முறை செய்தி படிக்கும்போது

'சர்ச் இத்தனை கோடி இழப்பீடு' என்ற தலைப்பைப் பார்த்தால் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். அதில் கம்பெனி தருவது எவ்வளவு? பதிலுக்கு அது எந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டது? தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வக்கீல் செலவைக் கழித்தால் ஒருவருக்கு என்ன மிஞ்சும்? சர்ச் தவறை ஒப்புக்கொண்டதா, இல்லையா? கடைசிக் கேள்விக்கான பதில் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் பெரும்பாலும் இருக்கும். அதுவரை படியுங்கள்.