பின்தொடரும் நாயும் புர்ஸஹோமின் புதைகுழிகளும்

அடுக்களையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து வாசலுக்கும் வளர்ப்பவரின் காலடியைப் பற்றியே நடக்கும் நாயைக் கண்டால், 'சோறிட்டவருக்கு நன்றி காட்டுகிறது' என்பது நம் வழக்கமான விளக்கம். பழஞ்சான்றுகளோ அந்த உறவை இவ்வளவு எளிதாகக் காட்டவில்லை.

ஸ்ரீநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது புர்ஸஹோம் என்னும் புதிய கற்கால ஊர். 1960 முதல் 1971 வரை டி. என். கஜாஞ்சியின் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. அங்கு கிடைத்த கற்பலகை ஒன்றில் வேட்டைக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது: இரண்டு வேட்டுவர், ஒரு மான், உடன் ஒரு நாய். இங்கே பின்தொடர்தல் ஒரு கூட்டுத் தொழில். வேட்டையில் பங்கேற்ற நாயை, இட்ட சோற்றுக்கு வாலாட்டும் உயிராக மட்டும் கொள்வதற்கில்லை.

அவ்வூரார் இறந்தோரைக் குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே புதைத்தனர். சில குழிகளில் மனித எலும்புகளுடன் நாயின் எலும்புகளும் உள்ளன. தலைவனைப் பிரிய மனமின்றி நாயும் உடன் சென்றது என்று உருகுவது எளிது. ஆனால், இருவருக்கும் ஒரே வேளையில் இயற்கையாகச் சாவு நேர்வது அரிது. நாய் கொல்லப்பட்டே உடன் புதைக்கப்பட்டது என்று கருதுவதே பொருத்தம். அந்தக் கடைசிப் பயணத்தை முடிவு செய்தவர்கள் மனிதர்களே.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவம் இவ்வுறவை மறுபுறமிருந்து காண்கிறது. அத்தினாபுரத்திலிருந்து பாண்டவரைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேறுமாறு இந்திரன் அழைக்க, யுதிஷ்டிரன் மறுக்கிறான். சோதிக்கப்படுவது நாயின் விசுவாசம் அன்று. தன்னை அண்டியதை மனிதன் கைவிடுவானா என்பதே கேள்வி.

கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் தெருநாய்களைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே எண்ணத்தக்கது. முன்பின் அறியாத மனிதரிடம் தெருநாய்க்கு நம்பிக்கை வளர, உணவைவிடத் தலையை வருடிக் கொடுத்தலே மிகுதியாக உதவியது என்று அது கண்டது.

ஆகவே, 'நன்றி' என்ற சொல்லை வரலாற்று மாணவர் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். அச்சொல் நாயைக் கடனாளியாக்கி, மனிதனின் பொறுப்பை மறைத்துவிடுகிறது. புர்ஸஹோமின் குழியில் கிடக்கும் எலும்புகள் நாயின் அன்பை அளந்து காட்டுவன அல்ல. அதைத் தம்முடன் வைத்துக்கொள்ள விரும்பிய மனிதர்களைப் பற்றியே அவை பேசுகின்றன.